கேட்கப்பட்ட பாவை: எட்கர் பெர்கனின் வானொலி நகைச்சுவையும் ஜிம் ஹென்சனின் சிறார் தொலைக்காட்சிப் பாவைகளும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க வானொலி நகைச்சுவையாளர் எட்கர் பெர்கன் (1903–1978), ‘மப்பெட்’ பாவைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் (1936–1990) ஆகிய இருவருக்கும் இடையிலான கலை உறவு பெரும்பாலும் நன்றியறிதல் என்ற அளவிலேயே பேசப்படுகிறது. அவ்வுறவைப் பாத்திர அமைப்பு, குரல், பாவைக்கு எதிரே அமரும் மனிதரின் இடம் ஆகிய மூன்று கூறுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பெர்கனிடமிருந்து சிறார் தொலைக்காட்சி பெற்றது உதடசையாமல் பேசும் உத்தியன்று. பெரியவரை எதிர்த்துப் பேசும் குழந்தைக்குரிய இடமே என்பதும், அவ்விடத்தில் பின்னர் உண்மைக் குழந்தை வந்தமர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கருச்சொற்கள்: எட்கர் பெர்கன், ஜிம் ஹென்சன், மாயக்குரற்கலை, வானொலி நகைச்சுவை, பாவை, சிசேம் ஸ்ட்ரீட்

முன்னுரை

கலைஞர் ஒருவர் மற்றொருவர்மீது செலுத்திய தாக்கத்தை ஆராயும்போது, ஒப்புமைகளைத் தொகுத்து அடுக்குவதோடு நின்றுவிடும் வழக்கம் நம் ஆய்வுகளில் உண்டு. இருவரிடமும் இது இருக்கிறது, அது இருக்கிறது, ஆகவே தாக்கம் இருக்கிறது என்று முடித்துவிடுவது எளிது. ஒப்புமை வழியில் மட்டும் சென்றால் பெர்கனுக்கும் ஹென்சனுக்கும் இடையே கிடைப்பது மிகக் குறைவு. பெர்கன் மேடையில் அமர்ந்து மரப்பாவையை முழங்காலில் இருத்திப் பேசியவர். ஹென்சன் சட்டகத்துக்குக் கீழே மறைந்து நின்று கையுறைபோல் அணியும் மென்பாவையை உயர்த்திப் பிடித்தவர். பெர்கனின் பாவை பெரியவர்களுக்காகப் பேசியது. ஹென்சனின் பாவைகள் உலகெங்கும் அறியப்பட்டது பள்ளி செல்லாச் சிறாருக்கான நிகழ்ச்சியால். எனினும் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘த மப்பெட் மூவி’ என்னும் திரைப்படத்தை ஹென்சன் பெர்கனின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். உத்தி வேறு, ஊடகம் வேறு, அவையோர் வேறு. பிறகு எதற்காக இந்தக் காணிக்கை? இளமையில் கேட்டு மகிழ்ந்த ஒரு கலைஞரை நன்றியோடு நினைத்தல் மட்டும்தானா?

ஒரு சொல் விளக்கம். உதடு அசையாமல், தன் குரலையே பாவையின் குரலாகத் தோன்றச் செய்யும் வென்ட்ரிலோக்விசத்தை இக்கட்டுரை ‘மாயக்குரற்கலை’ என்று குறிக்கிறது. அந்த மேலைச் சொல்லின் இலத்தீன் வேர் ‘வயிற்றிலிருந்து பேசுதல்’ என்னும் பொருளுடையது. நம்மிடையே வழங்கும் ‘பலகுரல்’ பிறர் குரலைப் போலச் செய்வதைக் குறிப்பதால் அச்சொல் இங்குப் பொருந்தாது.

வானொலியில் ஒரு மரப்பாவை

சுவீடனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குச் சிகாகோவில் பிறந்தவர் பெர்கன். சார்லி மெக்கார்த்தி என்னும் அவருடைய பாவையின் தலையைச் செதுக்கியவர் தியோடர் மேக் என்னும் சிகாகோ மரத்தச்சர். செய்தித்தாள் விற்கும் ஐரியச் சிறுவன் ஒருவனின் முகச்சாயல் அதற்கு முன்மாதிரி. பின்னர் அந்தச் சிறுவனுக்கு உயர்ந்த தொப்பியும் விருந்து உடையும் ஒற்றைக்கண் கண்ணாடியும் வந்து சேர்ந்தன. தெருச் சிறுவனின் வாய், சீமானின் உடை. இந்தப் பொருந்தாமையே சார்லியின் நகைச்சுவைக்கு அடித்தளம்.

பெர்கன் 1936 டிசம்பரில் ரூடி வல்லீயின் வானொலி நிகழ்ச்சியில் தோன்றினார். மறு ஆண்டு மே மாதம் ‘சேஸ் அண்ட் சான்பார்ன்’ காப்பி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் இடம்பெற்றார். அன்று தொடங்கி 1956 வரை, விளம்பரதாரர் மாறினாலும் நிகழ்ச்சியின் பெயர் மாறினாலும், பெர்கனும் சார்லியும் அமெரிக்க வானொலியில் நிலைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத ஊடகத்தில் மாயக்குரற்கலை எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் பலர் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். அவ்வாறு நகர்ந்துவிடக் கூடாத இடம் இது. உதடு அசைகிறதா இல்லையா என்று பார்க்க முடியாத நேயருக்கு மாயக்குரல் என்னும் வித்தை இல்லை. எஞ்சி நிற்பவை இரண்டு குரல்களும் அவற்றிடையே உள்ள உறவும் மட்டுமே. தயங்கித் தயங்கிப் பேசும், நல்லெண்ணம் மிக்க, சற்றே கண்டிப்பான காப்பாளர் ஒருவர். அவருடைய ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு மடக்கும் சிறுவன் ஒருவன். வானொலி மேடை வித்தையைக் களைந்து, பாத்திரத்தை மட்டும் மிச்சம் வைத்தது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழ இயலாது. உண்மையான சண்டையில் இருவர் சொற்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பெர்கனுக்கு அது வாய்க்காது. ஆகவே ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவதாகத் தோன்றவேண்டுமாயின், பெர்கனின் குரலில் வாக்கியம் முடியாமல் அறுபட, அதே நொடியில் சார்லியின் குரல் புகவேண்டும். அறுத்தலின் வேகமே இரண்டாவது ஆளை உண்டாக்கியது. சார்லியின் உயிர் அவன் சொன்ன நகைச்சுவையில் இருந்ததைக் காட்டிலும், பெர்கன் பாதியில் நிறுத்திய வாக்கியங்களில் இருந்தது என்று கூறினால் மிகையாகாது.

நேயர்கள் சார்லியை ஓர் ஆளாகவே கொண்டனர் என்பதற்குச் சான்றுகள் பல. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1938இல் அந்த மரப்பாவைக்கு விளையாட்டாக ஒரு மதிப்புறு பட்டம் வழங்கியது. அதே ஆண்டு திரைப்படக் கழகம் பெர்கனுக்கு வழங்கிய சிறப்பு ஆஸ்கர், வாய் அசையும் மரச்சிலையாக அமைந்தது. நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், வானொலியில் சார்லியோடு நீண்டகாலப் பகை நடத்தினார். அவர் இரம்பத்தையும் மரங்கொத்தியையும் காட்டி மிரட்டுவார், சார்லி அவருடைய மூக்கையும் குடியையும் எள்ளுவான். வேடிக்கையல்லாத சான்றும் உண்டு. 1937 டிசம்பரில் மே வெஸ்ட் அந்நிகழ்ச்சியில் தோன்றி ஆதாம் ஏவாள் நாடகத்தில் நடித்தார். அதே நிகழ்ச்சியில் சார்லியோடு காமச்சுவை ததும்ப உரையாடவும் செய்தார். கண்டனங்கள் குவிந்தன, ஒலிபரப்பு ஆணையமும் என்பிசியைக் கண்டித்தது. பின்னர் என்பிசி அவருக்கு நெடுங்காலம் வாய்ப்பளிக்கவில்லை. ஒரு பெண் ஒரு மரக்கட்டையோடு குலாவியதைக் கேட்டு ஒரு நாட்டின் ஒழுக்கவுணர்வு புண்படுமாயின், அந்தக் கட்டை ஏற்கெனவே கட்டையாக இல்லை என்பது பொருள்.

சார்லியோடு பெர்கனின் குடும்பம் முடிந்துவிடவில்லை. மந்தபுத்திக்காரனான மோர்ட்டிமர் ஸ்நெர்ட், முதிர்கன்னியான எஃபி கிளிங்கர் ஆகிய பாவைகளும் பின்னர் சேர்ந்தன. மோர்ட்டிமரை இங்கு விரித்துரைக்க இடமில்லை. எனினும் அறிவற்றவனாகத் தோன்றும் அவனிடம் பெர்கன் காட்டிய பொறுமை, சார்லியிடம் காட்டாத பொறுமை என்பதை மட்டும் குறிக்கலாம்.

உதடசைவு என்னும் குறை

பெர்கனின் உதடுகள் அசைந்தன. பல்லாண்டு வானொலியில் பணியாற்றியதால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது எனலாம். அதனை அவர் மறைக்கவில்லை. சார்லியே அதைச் சொல்லி அவரை ஏளனம் செய்தான். கலைஞனின் குறையைக் கலைஞனின் பாவையே அம்பலப்படுத்தும்போது வியப்பான ஒன்று நிகழ்கிறது. ‘உங்கள் உதடு அசைகிறது’ என்ற பொருளில் சார்லி கூறும் சொல்லும் அந்த உதட்டிலிருந்தே வருகிறது என்பதை அவையோர் அறிவர்; அறிந்தும் சார்லியின் பக்கம் நின்று பெர்கனைப் பார்த்துச் சிரிக்கின்றனர். மாயை உடைக்கப்படும் அதே வாக்கியத்தில் பாத்திரம் உறுதிப்படுகிறது.

பெர்கனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது அந்த வலிமை குன்றியது. 1956இல் சிபிஎஸ்ஸில் ஒரு வினாடிவினா நிகழ்ச்சியை அவர் நடத்தினார். அது நெடிது நிலைக்கவில்லை. காரணம் அசையும் உதடு என்று சொல்லப்படுவதுண்டு. சார்லியின் அசையாத முகமே பெரிய தடை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நேயரின் செவியில் ஆயிரம் முகபாவம் கொண்டிருந்த சிறுவன், அண்மைக் காட்சியில் தாடை மட்டும் ஏறி இறங்கும் மரத்தலையாகச் சுருங்கினான். பெர்கன் வானொலியில் ஈட்டியதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்ல வேறொரு பாவை தேவைப்பட்டது.

வழித்தடங்கள்

தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்துச் சிறார் நிகழ்ச்சிகளில் பாவைகளுக்குப் பஞ்சமில்லை. 1947இல் தொடங்கிய ‘ஹவ்டி டூடி’யில் கயிற்றுப்பாவை, அதற்குக் குரல் தந்தவர் ஒருவர், கயிறிழுத்தவர் வேறொருவர். பால் வின்செல், ஷேரி லூயிஸ் ஆகியோர் மாயக்குரற்கலையை நேரடியாகவே சிறாரிடம் கொண்டுசென்றனர். லூயிஸின் கையில் மரத்தலை மறைந்து ‘லேம் சாப்’ என்னும் மென்மையான ஆட்டுக்குட்டி வந்தது. உத்தியைக் கொண்டு கணக்கிட்டால் பெர்கனின் வாரிசுகள் இவர்களே. தாக்கம் என்பது உத்தியின் தொடர்ச்சியே என்று கருதுவோர் இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம்.

ஹென்சனின் பாதை வேறு. மிசிசிப்பியில் வளர்ந்த சிறுவனாக வானொலியில் பெர்கனைக் கேட்ட அவர், அக்காலத்தில் பாவைக்கலையில் தமக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை என்றும், சார்லியையும் மோர்ட்டிமரையும் பாவைகளாகவே தாம் எண்ணியதில்லை, ஆட்களாகவே எண்ணினார் என்றும் பொருள்படப் பின்னாளில் கூறியுள்ளார். சார்லியின் வாய்வழியே சாதாரண மனிதர் சொல்ல இயலாதவை சொல்லப்பட்டன என்பதும் அவர் கருத்து. பாவைக்கலையை அவர் கற்றது தொலைக்காட்சியில் நுழைய ஒரு வாயில் வேண்டும் என்பதற்காக. இந்த வரிசை முக்கியமானது: முதலில் பாத்திரம், பின்னர் ஊடகம், கடைசியாகவே பாவை. பெர்கனின் பாவையைக் காணாமல் கேட்டு வளர்ந்தவருக்கே இந்த வரிசை வாய்க்கும்.

1955இல் வாஷிங்டன் நகரின் டபிள்யூஆர்சி நிலையத்தில் ‘சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ என்னும் ஐந்து நிமிட நிகழ்ச்சியை ஹென்சன் தொடங்கினார். தொடக்கத்தில் அவருடைய பாவைகளுக்குச் சொந்தக் குரல் இல்லை. நகைச்சுவை இசைத்தட்டுகளுக்கு ஏற்ப வாயசைத்தன. கெர்மிட்டின் முதல் வடிவம் அம்மாவின் பழைய பச்சை மேலங்கித் துணியாலும் இரண்டாக வெட்டிய மேசைப்பந்தாலும் செய்யப்பட்டது. மென்துணியும் நுரைப்பஞ்சும் கொண்ட முகம், உள்ளிருக்கும் கையின் சிறு மடிப்பையும் உணர்ச்சியாக மாற்றியது. சார்லிக்கு நேயரின் கற்பனை தந்த முகபாவங்களை, கெர்மிட்டுக்கு ஹென்சனின் விரல்கள் தந்தன. பெர்கனைத் தொலைக்காட்சியில் தடுத்த சுவர் இவ்வாறு இடிந்தது. பாவைகள் தம் சொந்தக் குரலில் பேசத் தொடங்கியபின், கை ஒருவருடையது குரல் மற்றொருவருடையது என்ற பிரிவை ஹென்சன் பெரும்பாலும் ஏற்கவில்லை. பாவையை இயக்குபவரே அந்த நொடியில் பேசவும் வேண்டும். ‘ஹவ்டி டூடி’யின் முறையைக் காட்டிலும் இது பெர்கனின் முறைக்கே நெருக்கமானது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். பர் டில்ஸ்ட்ராமின் ‘குக்லா, ஃபிரான் அண்ட் ஒல்லி’ (1947–1957) இல்லாமல் ஹென்சனைப் புரிந்துகொள்ள முடியாது என்பர். டில்ஸ்ட்ராம் சிறு மேடைக்குப் பின்னே மறைந்திருப்பார். மேடைக்கு முன்னே ஃபிரான் அலிசன் என்னும் பெண்மணி நின்று பாவைகளோடு, முன்னெழுதிய வசனமின்றி, அன்போடு உரையாடுவார். குரலுக்குரியவர் மறைந்திருக்க, மனிதர் ஒருவர் பாவையை நம்பி நிற்கும் அமைப்பு டில்ஸ்ட்ராமிடமிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் குக்லாவின் உலகம் பெரிதும் இணக்கத்தின் உலகம். பெரியவரை மடக்கும் வாய், அவர் வாக்கியத்தை அறுக்கும் வேகம், அறுக்கப்பட்டவரின் திகைப்பு ஆகியவை அங்கு மையமல்ல. அவை சார்லியின் சொத்து. இடத்தை டில்ஸ்ட்ராம் தந்தார். அங்கே நிகழும் சச்சரவைப் பெர்கன் தந்தார்.

பெர்கனின் நாற்காலி

1963 முதல் 1966 வரை நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி டீனின் நிகழ்ச்சியில் ரௌல்ஃப் என்னும் நாய் தோன்றியது. மப்பெட் வரலாற்றில் இது ஒரு துணைச் செய்தியாகவே இடம்பெறுவது வழக்கம். இக்கட்டுரையைப் பொறுத்தவரை இதுவே திருப்புமுனை. டீன் ரௌல்ஃபின் அருகில் அமர்ந்து, பழைய நண்பனிடம் பேசுவதுபோல் பேசுவார். ரௌல்ஃப் அவரைக் கேலி செய்யும். காட்சியில் காண்பது பெர்கனும் சார்லியும் அமர்ந்த அதே அமைப்பு. ஆனால் டீனின் தொண்டையில் ரௌல்ஃபின் குரல் இல்லை. அது கீழே மறைந்திருந்த ஹென்சனுடையது. பெர்கனின் நாற்காலியில் முதன்முறையாக, பாவை அடுத்து என்ன சொல்லும் என்று அறியாத ஒருவர் அமர்ந்தார். பெர்கன் திகைத்ததாக நடித்தார். டீன் திகைக்கவே செய்தார், சில வேளைகளில் சிரிப்பை அடக்க இயலாமல் தவித்தார்.

குரல் மறைந்ததும் நாற்காலி காலியாயிற்று என்று இதனை விளக்கலாம். பெர்கனிடம் பாவைக்கு எதிரே அமரத் தகுதியுடையவர் ஒருவரே, அதன் குரலுக்குரியவர். ஹென்சனிடம் அந்த நாற்காலி எவருக்கும் உரியது. பாடகர் அமரலாம், ‘த மப்பெட் ஷோ’வில் (1976–1981) வாரந்தோறும் வந்த விருந்தினர் அமரலாம். ஒரு நான்கு வயதுக் குழந்தையும் அமரலாம்.

எர்னியும் பெர்ட்டும் பெர்கன் மரபின் நேரடி வழித்தோன்றல்கள் என்ற கூற்று கவர்ச்சியானதே. எனினும் குறும்பனும் நேர்மையாளனும் இணையும் இரட்டையர் நகைச்சுவை மேலை மேடையில் மிகப் பழையது. அதனைப் பெர்கனின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

பிலடெல்பியா, 1969

‘சிசேம் ஸ்ட்ரீட்’ 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பாவதற்கு முன், அவ்வாண்டு ஜூலையில் ஐந்து மாதிரி நிகழ்ச்சிகள் பிலடெல்பியாவில் சிறாரிடம் சோதிக்கப்பட்டன. கற்பனையையும் உண்மையையும் கலந்து காட்டினால் குழந்தைகள் குழம்புவர் என்று உளவியல் அறிஞர்கள் எச்சரித்திருந்தனர். எனவே தெருக்காட்சிகளில் மனிதர் மட்டும், பாவைகள் தனிப்பகுதிகளில். சோதனையில் தெருக்காட்சி வந்தபோதெல்லாம் குழந்தைகளின் கவனம் சிதறியது. தயாரிப்புக் குழு அறிவுரையைக் கைவிட்டது. எட்டடிக்கு மேல் உயர்ந்த பிக் பேர்டும், குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கரும் மனிதர் நடமாடும் தெருவுக்கு வந்தனர். இரண்டையும் இயக்கியவர் கரோல் ஸ்பின்னி.

இம்முடிவுக்குக் காரணம் பெர்கன் அல்லர். கவனத்தை அளந்த ஆய்வே காரணம். ஆயினும் ஆய்வு ‘இப்படிச் செய்யாதே’ என்று மட்டுமே கூறியது. எப்படிச் செய்வது என்பதற்கு மரபு தேவைப்பட்டது. மரப்பாவை ஒன்று நடிகரோடு பகை வளர்த்ததையும் காப்பாளரிடம் கைச்செலவுப் பணத்துக்கு வழக்காடியதையும் வாரந்தோறும் கேட்டு வளர்ந்த தலைமுறையே அந்தத் தெருவை அமைத்தது. பாவையும் மனிதரும் ஒரே முகவரியில் வாழ்வது அவர்களுக்குக் குழப்பமாகத் தோன்றவில்லை.

ஆஸ்கர் ஒரு சிறப்புக் குறிப்புக்கு உரியவன். கல்வி நோக்கத்துக்காகவே உருவாக்கப்பட்ட, நல்லொழுக்கம் ததும்பும் ஒரு தெருவில், எதையும் ஏற்காத, எவரையும் எள்ளும் ஒருவனுக்கு நிலையான வீடு தரப்பட்டது. அவனைத் திருத்தும் முயற்சி கதையின் நோக்கமாகவே இல்லை. சார்லியும் பல்லாண்டுகளில் திருந்தவேயில்லை. சார்லி பெரியவரின் உடையணிந்த சிறுவன் என்றால், பிக் பேர்ட் பெரியவரைக் காட்டிலும் உயர்ந்த குழந்தை. அவன் எதிர்ப்பேச்சு எள்ளலாக வராது, கேள்வியாக வரும். கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டு ஒளிபரப்பான நிகழ்ச்சியில், தான் வரைந்த படத்தை ஹூப்பருக்குக் கொடுக்கக் காத்திருக்கும் பிக் பேர்ட், அவர் இனி வரமாட்டார் என்று அறிந்ததும், இது ஏன் இப்படி இருக்கவேண்டும் என்று கேட்கிறான். சூழ நிற்கும் பெரியவர்களிடம் அதற்கு விடையில்லை. அது அப்படித்தான் என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெரியவரின் வாக்கியம் பாதியில் அறுபடும் அதே அமைப்பு இது. சிரிப்பு மட்டும் இல்லை.

பாவையின் பாவை

பெர்கன் ‘த மப்பெட் ஷோ’வின் இரண்டாம் பருவத்தில் விருந்தினராக வந்தார். அந்நிகழ்ச்சியில் ஃபோஸி என்னும் கரடி தானும் மாயக்குரற்கலையைச் செய்து காட்ட விழைந்து, ஒரு மரப்பாவையோடு மேடையேறுகிறது. பாவை பேசவில்லை. பாவைக்காகத் தானே பேசவேண்டும் என்பது ஃபோஸிக்குத் தெரியாது. அது தானாகப் பேசும் என்று நம்பிக் காத்திருக்கிறது. எளிய நகைச்சுவைதான். ஆனால் இந்தக் கட்டுரையாளர் கண்டவரையில், பெர்கனைப் பற்றி மப்பெட் குழுவினர் கூறிய மிகத் துல்லியமான விமரிசனம் இதுவே. பாவைகள் தாமாகப் பேசும் என்று நம்பும் பாவையாக ஃபோஸி நிற்கும்போது, வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த மிசிசிப்பிச் சிறுவனின் நம்பிக்கை மேடையேறுகிறது. விருந்தினராகப் பெர்கன் அங்கிருக்கிறார். அவருடைய உதடு அசைவதை அனைவரும் காண்கின்றனர். ஆயினும் சார்லி பேசுகிறான்.

‘த மப்பெட் மூவி’யில் ஊர்ச் சந்தைக் காட்சியில் பெர்கனும் சார்லியும் சில நொடிகள் தோன்றுகின்றனர். படம் வெளிவருமுன், 1978 செப்டம்பர் 30 அன்று பெர்கன் லாஸ் வேகஸில் காலமானார்.

முழங்காலில் இருந்த குழந்தை

பெர்கனின் கலைக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் தாக்கத்தைப் போற்றுவது நேர்மையாகாது. அவர் மகள் கேண்டிஸ் பெர்கன், பின்னாளில் புகழ்பெற்ற நடிகை, குழந்தைப் பருவத்தில் ‘சார்லியின் தங்கை’ என்றே செய்தித்தாள்களில் அறிமுகமானார். வீட்டில் சார்லிக்குத் தனியறை இருந்தது. 1984இல் வெளிவந்த தம் நினைவுநூலில் அவர் பதிவு செய்துள்ள காட்சி ஒன்று உண்டு: தந்தையின் ஒரு முழங்காலில் சார்லி, மறு முழங்காலில் மகள், தந்தை கழுத்தின் பின்புறத்தை மெல்ல அழுத்தும்போது மகள் வாயைத் திறந்து மூடவேண்டும், சொற்கள் தந்தையுடையவை. பெர்கன் தம் உயிலில் சார்லியின் பராமரிப்புக்கென 10,000 டாலர் ஒதுக்கியதையும் தமக்கு ஒன்றும் வைக்காததையும் கேண்டிஸ் பின்னர் எழுதினார்.

மரச்சிறுவனுக்கு எதிர்த்துப் பேசும் உரிமை முழுமையாக இருந்தது. உண்மைக் குழந்தைக்கு அது இல்லை. சார்லியின் துடுக்கு ஒரு பெரியவர் தமக்குத் தாமே வழங்கிய சலுகை. நாடே அதைக் கேட்டுக் குழந்தைமையின் விடுதலையாக மகிழ்ந்தது. அதில் குழந்தை ஒருவரும் பேசவில்லை. பெர்கனைத் தாழ்த்துவதற்காக இதைக் கூறவில்லை. தந்தையைப் பற்றிய மகளின் எழுத்தில் கசப்போடு வியப்பும் அன்பும் கலந்தேயுள்ளன. ஹென்சன் பெற்றுக்கொண்டதை என்ன செய்தார் என்று அறிய இந்த முழங்கால் காட்சி நமக்குத் தேவைப்படுகிறது.

‘சிசேம் ஸ்ட்ரீட்’டின் தொடக்க ஆண்டுகளில் பதிவான ஒரு சிறு பகுதியில் கெர்மிட்டும் ஒரு சிறுமியும் அருகருகே இருக்கின்றனர். அரிச்சுவடிப் பாட்டைப் பாடவேண்டும்; பாடம் அவ்வளவே. சிறுமி சில எழுத்துகளை ஒழுங்காகப் பாடிவிட்டு, அடுத்த எழுத்தின் இடத்தில் குக்கி மான்ஸ்டரின் பெயரைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். கெர்மிட் அவளைத் திருத்துகிறது, மீண்டும் தொடங்குகின்றனர், மீண்டும் அதே பெயர், முன்னிலும் பெரிய சிரிப்பு. பொறுமையிழந்த ஆசிரியராக, வாக்கியம் முடிக்க விடப்படாத காப்பாளராக நிற்பது பாவை. சார்லியின் இடத்தில் இருப்பது குழந்தை. பெர்கன் ஒரே தொண்டையில் நடத்திய நாடகத்தின் இரு பாத்திரங்களும் இங்கே இடம் மாறிவிட்டன; அறுபடும் வாக்கியம் இப்போது ஹென்சனுடையது, அறுப்பவள் அடுத்து என்ன செய்வாள் என்பது அவருக்கே தெரியாது. குழந்தையின் கண் கீழே மறைந்திருக்கும் மனிதரைத் தேடவில்லை. கெர்மிட்டின் முகத்திலேயே பதிந்திருக்கிறது. கடைசியில் கெர்மிட் சலித்துக்கொண்டு சட்டகத்தை விட்டு அகல்கிறது. தனியே எஞ்சிய சிறுமி, அது சென்ற திசையைப் பார்த்து, உன்னை எனக்குப் பிடிக்கும் என்கிறாள். அதை எவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. கெர்மிட் திரும்பி வந்து, தனக்கும் அவளைப் பிடிக்கும் என்கிறது.